வாட்டர் பாத்தும் வாய் பேசாத நானும்

தண்ணீரைச் சொன்ன சூட்டில் நிற்க வைப்பதும், ஓடுகிற தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து சொல்வதும்தான் எங்கள் பட்டறையின் தொழில். கேட்கிறவர்கள் எல்லாம் முதலில், "இதுக்குப் போயி ஒரு கடையா?" என்றுதான் சிரிப்பார்கள்.

இருக்கிறது. ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், டீக்கடைக்கு அடுத்த தகரக் கூரை. கல்லூரி லேப், ரத்தம் டெஸ்ட் பண்ணும் இடம், பால் டெஸ்ட் பண்ணும் இடம், தண்ணீர் கேன் கம்பெனி என்று மதுரையைச் சுற்றி எங்கே சாமான் மக்கர் பண்ணினாலும் இங்கே வரும். முதலாளி ராஜாராம் சார். மெக்கானிக் கண்ணன் அண்ணன். நான் செல்வி, எட்டாவது வரைக்கும் படித்தவள். வருகிற சாமானைக் கழுவித் துடைத்து வைப்பது என் வேலை. உப்புப் பிடித்த தொட்டியைத் தேய்க்க வாய் வேண்டாம், கை போதும். அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. என் மகள் யாழினி அப்போது கைக்குழந்தை. பின்பக்க இரும்புச் சட்டத்தில் என் சேலையைத் தொட்டிலாகக் கட்டிப் போட்டிருப்பேன். அழுதால் எடுத்துப் பால் கொடுத்துவிட்டு மறுபடி தேய்ப்பேன். சார் ஒன்றும் சொல்ல மாட்டார்.

போன் எடுத்துக்கொண்டிருந்த ஜெயா அக்கா, வீட்டுக்காரருக்கு மாற்றலாகிக் கோயம்புத்தூர் போனதும்தான் வினை வந்தது. சார் என்னைக் கூப்பிட்டார். "ஆள் கெடைக்கிற வரைக்கும் நீ போன் எடும்மா. முடிஞ்சா நீயே இருந்துக்க, கழுவுறதையும் பாத்துக்க. முடியலன்னா பேசத் தெரிஞ்ச புள்ளையாப் பாத்துப் போடணும். ரெண்டு பேர வச்சுக்க எனக்குத் தெம்பு பத்தாது" என்றார். இங்கே இல்லையென்றால் எனக்கு நூல் மில் வேலைக்கு ஆள் ஏற்றுகிற மில் வண்டிதான். அது விடியுமுன் தெருமுனையில் வந்து நிற்கும், இருட்டின பிறகு கொண்டுவந்து இறக்கும். அதில் ஏறினால் என் பிள்ளையைத் தூங்குகிற பிள்ளையாகத்தான் நான் பார்க்க முடியும். போன் மணி கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற ஆட்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு என்னவென்று உங்களுக்கே தெரியும்.

பச்சையும் சிவப்பும்

சூடாக்குகிற எந்தச் சாமானிலும் முகப்பில் இரண்டு எண் எரியும். பச்சையில் எரிவது நாம் கேட்ட சூடு. அதற்கு செட் பாயிண்ட் என்று பெயர். சிவப்பில் எரிவது உள்ளே நிஜமாக இருக்கிற சூடு. "கேட்டது பச்சை, கெடச்சது செவப்பு. ரெண்டும் ஒண்ணா நின்னா சாமான் நல்லாருக்கு, நிக்கலன்னா ரிப்பேரு. அம்புட்டுத்தேன் தங்கச்சி இந்தப் படிப்பு" என்று கண்ணன் அண்ணன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பாடத்தை முடித்துவிட்டார். போன் வந்தால் பச்சை எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்கச் சொன்னார்.

அதை நான் தண்ணீர்த் தொட்டியிடம் பல தடவை கேட்டுப் பழகினேன். தொட்டியிடம் நன்றாகவே வந்தது. முதல் போன் வந்தபோது சாரும் அண்ணனும் வெளியே போயிருந்தார்கள். எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், "ஹலோ, ஹலோ" என்றது. நான் "சொல்லுங்க" என்றேன். என்றேன் என்றுதான் நினைத்தேன், என்ன சத்தம் வெளியே போனதோ தெரியாது. இடுப்பில் இருந்த யாழினி மட்டும் நன்றாக, சத்தமாக, "ங்ஙா" என்றாள். அந்த மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொஞ்சுகிற மாதிரிச் சொன்னார்:

"பாப்பா, தங்கம்ல, போனத் தூக்கி அப்பாட்டக் குடும்மா."

தயிர் டெஸ்ட்

இன்குபேட்டர் என்பது சூடு மாறாத அலமாரி. உள்ளே மேல் தட்டு, கீழ்த் தட்டு, வலது மூலை, இடது மூலை எல்லாம் ஒரே சூடாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க சாரிடம் ஒயர் ஒயராக சென்சார் உண்டு. மூலைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு எண்ணைப் பார்ப்பார். சார் பார்த்து முடித்த பிறகு கண்ணன் அண்ணன் தன் பங்குக்கு ஒன்று செய்வார். காய்ச்சி ஆற்றின பாலில் உறை ஊற்றி, எவர்சில்வர் டம்ளர்களில் மூலைக்கு ஒன்றாக வைத்துவிடுவார். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் எல்லா டம்ளரும் ஒன்று போலக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் இளகி இருந்தால் அந்தப் பக்கம் காற்று சுற்றவில்லை என்று மறுபடி பிரித்துவிடுவார். நல்ல மிஷின் வரும் நாளில் எங்களுக்குக் குழம்பு வேண்டியதில்லை, சோற்றுக்குத் தயிர் தாராளம்.

ஒருநாள் ஒரு கல்லூரியிலிருந்து பேராசிரியை ஒருவர் கூப்பிட்டார். காலையில்தான் அவருக்கு இன்குபேட்டரை ஏற்றி அனுப்பியிருந்தோம். "உள்ள கடைசித் தட்டுல மூலையில ஒரு டம்ளர் இருக்கு. வெள்ளையா ஏதோ இருக்கு. இது என்ன கெமிக்கல்? தொட்டா ஆபத்தா? பசங்க யாரையும் பக்கத்துல விடாம நிக்கிறேன்" என்றார். அண்ணன் ஒரு டம்ளரை எடுக்க மறந்திருக்கிறார். என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கக்கூட எனக்குப் பேச்சு வேண்டுமே. "தயிருங்க மேடம்" என்றேன்.

சரி, சாருக்குப் போன் போகும், எனக்கு மில் வண்டிதான் என்று யாழினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். டம்ளரை எடுத்துச் சாய்த்துப் பார்த்திருப்பார் போல. அப்புறம் கேட்டது:

"சாய்ச்சாலும் அசையலயேம்மா... லாரியில வந்தும் ஒடையல. அப்ப மிஷின் ஓகேன்னு நான் கையெழுத்துப் போட்டுடுறேன், டம்ளர நாளைக்குக் குடுத்து விடுறேன்."

தண்ணி இல்லாத வாட்டர் பாத்

வாட்டர் பாத் என்றால் சுடுதண்ணீர்த் தொட்டி. குடுவையையோ கண்ணாடிக் குழாயையோ நேராகத் தீயில் காட்டாமல், சொன்ன சூட்டில் நிற்கிற தண்ணீருக்குள் இறக்கி வைப்பார்கள். பேரிலேயே தண்ணீர் இருக்கிறது. இருந்தும் அதில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டு சுவிட்சைப் போடுவதுதான் ஊரெல்லாம் நடக்கிறது. ஹீட்டர் வெறும் தொட்டியில் காய்ந்து கருகிப்போகும். அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வண்டியூர்ப் பக்கத்து லேபிலிருந்து ஒரு அண்ணன் கூப்பிட்டார். "கரண்ட்டு ஏத்த எறக்கமா வந்துச்சும்மா, அதுல ஹீட்டர் போயிருச்சு" என்றார். நான் எழுதிக்கொண்டேன். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாததால் சும்மா இருந்தேன். அவரும் சும்மா இருந்தார். பிறகு, "எங்க ஏரியாவுல கரண்ட்டு எப்பவுமே அப்படித்தேன்" என்றார். நான் "உம்" என்றேன். "மத்த மிஷினெல்லாம் நல்லாத்தேன் இருக்கு" என்றார். அதற்கும் ஒரு "உம்" போட்டேன். "வீட்டுல மகளுக்குக் காய்ச்சல். காலையில அதே நெனப்பு. தண்ணி ஊத்துனேனா இல்லையான்னு..." என்று நிறுத்தினார். "பாப்பாவுக்கு இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்றேன். போனில் நானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"விட்டுருச்சும்மா, கஞ்சி குடிச்சா" என்றார். அப்புறம் சொன்னார்: "நீங்க ஒண்ணும் கேக்காம இருக்கவும்தான் எனக்குப் பயம் வந்துருச்சு. ஏதாச்சும் கேட்டுருந்தீகன்னா, சத்தியமா நான் கரண்ட்டு மேலயே போட்டுருப்பேன்."

பாய்வுமானி

எங்கள் தொழிலில் ஒரு சாமானுக்கு ஊருக்கு ஒரு பெயர். ரோட்டாமீட்டர் என்று ஒன்று. நின்ற மேனிக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும். உள்ளே ஒரு குட்டிக் குண்டு. கீழேயிருந்து தண்ணீரை விட்டால் குண்டு மேலே ஏறி மிதக்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். இதைச் சிலர் ஃப்ளோ மீட்டர் என்பார்கள், கேன் கம்பெனிக்காரர்கள் குண்டு மீட்டர் என்பார்கள். ஒருவர் எதைக் கொண்டுவந்தாலும் "தெர்மோஸ்டாட் போச்சு" என்றுதான் இறக்குவார், சூட்டை நிறுத்துகிற சாமானின் பெயர் அது, பம்ப்பைக் கூட அப்படித்தான் சொல்வார்.

தமிழ்ப் பற்றுள்ள பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டார். "அம்மா, எங்கள் ஆய்வகத்தின் பாய்வுமானி பழுதாகிவிட்டது. வெப்பநிலை நிறுத்தியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்றார். நானும் தமிழில்தான் எட்டாவது வரை படித்தேன். ஆனால் இந்தப் பட்டறையில் நான் கேட்ட தமிழ் எல்லாம் கண்ணன் அண்ணன் தமிழ். ஒன்றும் விளங்கவில்லை. அவர் கோபப்படவில்லை. இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, அதையே மறுபடி சொன்னார். அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். "ஐயா, அது என்ன செய்யும்னு சொல்லுங்கய்யா" என்றேன்.

"தண்ணி போகுதும்மா. உள்ள இருக்கிற குண்டு எந்திரிக்கவே மாட்டேங்குது" என்றார். "அய்யோ, அது அழுக்கு ஒட்டியிருக்கும்யா, கழட்டிக் கழுவணும், கொண்டாங்க" என்று என்னையும் மீறி வந்துவிட்டது. கழுவுவது என் வேலையாச்சே. அவர் சிரித்தார். இப்போதும் அவர் பாய்வுமானி என்றுதான் சொல்கிறார், நானும் அப்படித்தான் எழுதிக்கொள்கிறேன். அன்றைக்கு அவர் சொன்னது:

"நீங்க ரோட்டாமீட்டர்னு எழுதுங்க, நான் பாய்வுமானின்னு எழுதுறேன், குண்டு எந்திரிச்சா ரெண்டு பேருக்கும் சந்தோசம்."

குண்டு ஏறுகிற நேரம்

சரி பண்ணின ரோட்டாமீட்டரைச் சுவரில் மாட்டி ஓட்டிப் பார்ப்போம். டிரம்மிலிருந்து பம்ப் தண்ணீரை ஏற்றும், குண்டு எழும்பும், மேலே போன தண்ணீர் ஒரு ஜாடியில் விழும். கண்ணன் அண்ணன் கையில் கடிகாரத்தோடு நின்று, ஒரு நிமிடத்தில் ஜாடியில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்ப்பார். குண்டு காட்டுகிற கோடும் ஜாடி காட்டுகிற கோடும் ஒத்துப்போக வேண்டும். அவ்வளவு பெரிய படிப்புக்கு முடிவில் ஒரு ஜாடிதான் சாட்சி.

யாழினிக்குப் பல் முளைக்கிற சமயம். ஒருநாள் காலையிலிருந்து விடாமல் அழுகை. போன் அடிக்க, நான் எடுக்க, இவள் அழ, அந்தப் பக்கம் இருப்பவர் "அப்புறமாக் கூப்பிடுறேன்" என்று வைக்க, நான் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்தேன். அப்போது கண்ணன் அண்ணன் பம்ப்பைப் போட்டார். கண்ணாடிக்குள் சிவப்புக் குண்டு ஆடி ஆடி மேலே ஏறியது. யாழினி பாதி அழுகையில் நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். இறங்கினால் உதடு பிதுங்கும், ஏறினால் கை இரண்டும் எழும்பும். டெஸ்ட் முடிந்துவிட்டது. அண்ணன் நிறுத்தவில்லை. அதற்குள் சாமானுக்குரிய தண்ணீர் கேன் கம்பெனிக்காரர் வந்துவிட்டார். மீசையும் ஆளுமாகப் பார்க்கவே பயமாக இருப்பார், அவசரக்காரர் வேறு. "ரெடியா?" என்றார். "ரெடிதேன் மாப்ள, கழட்டணும்" என்று அண்ணன் என் மகளைப் பார்த்தார். மீசைக்காரரும் பார்த்தார். குண்டைப் பார்த்தார். தன் பாட்டுக்கு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"ஓடட்டும், ஓடட்டும், நல்லா டெஸ்ட் பண்ணுங்க... நான் போயி ஒரு டீயக் குடிச்சிட்டு வாரேன்."

ஓவர்ஷூட்

இப்படியே போயிருந்தால் நல்லது. ஒரு பெரிய கம்பெனியின் கொள்முதல் ஆபீசர் கூப்பிட்டார். மாடல் என்ன, ரேஞ்ச் என்ன, சர்டிபிகேட் கிடைக்குமா, எத்தனை நாளில் என்று மூச்சு விடாமல் கேட்டார். முதல் கேள்விக்கே நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் அவர் கடைசிக் கேள்விக்குப் போய்விட்டார். "லைன்ல இருக்கீங்களா இல்லையா? அங்க பேசத் தெரிஞ்ச ஆள் யாருமே கெடையாதா?" என்று கத்தினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார். சாயங்காலம் சாருக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

சார் திட்டவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பா நெனைக்காதம்மா. திங்கக்கெழம ஒரு பொண்ணு வருது, பி.எஸ்ஸி. படிச்சது. வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார். நான் பின்பக்கம் போய் ஏற்கெனவே கழுவின தொட்டியை மறுபடி கழுவினேன்.

கண்ணன் அண்ணன் பக்கத்தில் ஒரு புது கண்ட்ரோலரைப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார். பச்சை முப்பத்தேழில் நிற்க, சிவப்பு கடகடவென்று நாற்பதைத் தாண்டியது. அப்புறம் முப்பத்தைந்துக்கு விழுந்தது. மறுபடி ஏறி, மறுபடி விழுந்தது. இப்படித் தாண்டிப் போவதற்குத்தான் ஓவர்ஷூட் என்று பெயர். "அண்ணே, இது கெட்டுப்போச்சுண்ணே" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவர் என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"புதுசு தங்கச்சி, மொதல்ல தாண்டும், பெறகு தாழும், அப்பறந்தேன் நிக்கப் பழகும்... சாரு அதுக்குள்ள சுவிட்ச அமத்தப் பாக்குறாரு."

போடு, அமத்து

திங்கட்கிழமை பவித்ரா வந்தாள். நல்ல பிள்ளை. வந்ததுமே யாழினியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், என்னை "அக்கா" என்றாள். வெறுக்கக்கூட வழியில்லாமல் போய்விட்டது. சாரும் அண்ணனும் ஒரு கல்லூரியில் தண்ணீர் குளிர்விக்கிற பெரிய சில்லரைப் பொருத்தப் போயிருந்தார்கள். மத்தியானம் வந்து அவளிடம் பேசுவதாக ஏற்பாடு. "இது போன், இது பேனா" என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. பழக்கதோஷத்தில் நானே எடுத்தேன்.

எழுமலையிலிருந்து பேச்சியம்மா என்று ஒருத்தர். ஒரு கல்லூரி கழித்துப்போட்ட பழைய இன்குபேட்டரை நாட்டுக்கோழி முட்டை பொரிக்கிற மாதிரி சார் மாற்றிக் கொடுத்திருந்தார். "ஏத்தா, செவப்பு ஏறிக்கிட்டே போகுதுத்தா! நிக்க மாட்டேங்குது! முட்டையெல்லாம் உள்ள இருக்கு, ரெண்டு நாள்ல பொரிக்கணும், சில முட்டையில சத்தம்கூடக் கேக்க ஆரம்பிச்சிருச்சு" என்று அழுதார். ஹீட்டரைப் போட்டு அணைக்கிற ரிலே ஒட்டிக்கொண்டால் இப்படித்தான், சூடு நிற்காது. அது எனக்குத் தெரியும், அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்ன செய்வது என்று சொல்ல வேண்டியவர்கள்தான் இல்லை. பவித்ரா தன் செல்லில் சாரைக் கூப்பிட்டாள், அண்ணனைக் கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் சிக்னல் இல்லை.

"மெயின் சுவிட்ச அமத்துங்க" என்றேன். "என்ன? கேக்கல தாயி! போன மிஷின் மேல வச்சிருக்கேன், எனக்கு ரெண்டு கையும் வேணும், கத்திச் சொல்லு!" என்றார். நான் பவித்ராவைப் பார்த்தேன். அவள் யாழினியை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "மெயின் சுவிட்ச அமத்துங்க! கதவ ஒரு கை அளவு தொறந்து வைங்க! உள்ள கண்ணாடி தெர்மாமீட்டர் தொங்கும், அதுல என்ன காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க!" அவர் முப்பத்தொன்பது என்றார். முப்பத்தெட்டு என்றார். முப்பத்தேழுக்குப் பக்கத்தில் வந்ததும், "கதவச் சாத்துங்க! சுவிட்சப் போடுங்க!" என்றேன். ஏறத் தொடங்கியதும், "அமத்துங்க!" என்றேன். மறுபடி இறங்கியதும், "போடுங்க!" என்றேன். மிஷினுக்குள் இருக்கிற ரிலே செய்ய வேண்டிய வேலையை நாங்கள் இரண்டு பேரும் போனில் செய்துகொண்டிருந்தோம். நடுவில் டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்து, "யாரும்மா வம்புக்கு வாரது?" என்று கேட்டார். பவித்ராதான் அவருக்கு விவரம் சொல்லி அனுப்பினாள்.

சோற்று நேரம் தாண்டி சார் வந்து சேர்ந்தார், முகம் சிவந்து. சிக்னல் கிடைத்ததிலிருந்து பட்டறைக்குக் கூப்பிட்டிருக்கிறார், எப்போது கூப்பிட்டாலும் லைன் பிஸி. வாசலிலேயே நின்றுவிட்டார். நான் எழுந்து நின்று, தொண்டை கட்டிப்போய், "அமத்துங்கம்மா, போதும்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த கண்ணன் அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் புது ரிலே ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு எழுமலைக்கு பைக்கை எடுத்துவிட்டார். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் நான் லைனில் இருந்தேன். வைத்த பிறகு சாரைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன். அவர் பவித்ராவைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார்:

"போன எடுக்கலன்னாத் திட்டலாம்... போன விடலன்னு ஒரு ஆள எப்படிய்யா திட்டுறது?"

எழுமலை ஆத்தா

அதற்குப் பிறகு சார் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கேட்கவும் வாய் வரவில்லை. பேச்சியம்மாவிடம் கத்தினதெல்லாம் பேச்சியம்மாவோடு சரி. ராத்திரி பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கும்போது, இன்னும் எத்தனை நாளைக்கு இவள் முழித்திருக்கிற முகத்தைப் பார்ப்பேனோ என்று தோன்றும். வார முடிவில் ஒரு காலை பட்டறைக்குள் நுழைந்தால், முன்னறையில் சார் ஸ்டூல் மேல் ஏறி நின்று டிரில் போட்டுக்கொண்டிருந்தார். போன் மேசைக்கு நேர் மேலே, சட்டத்தில் கொக்கி ஒன்று மாட்டினார். இழுத்துப் பார்த்தார். தொங்கியும் பார்த்தார். "பின்னாடி கெமிக்கல் வாடை. புள்ளைய இங்க கட்டிக்க" என்றார். பவித்ராவுக்கு வண்டியூரில் தெரிந்த ஒருவரின் கடையில் சொல்லிவிட்டதாகவும், கம்ப்யூட்டர் வேலை, அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். கொக்கியில் சேலையைக் கட்டும்போது முடிச்சுதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். என்னைவிடக் குட்டை, கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. உள்ளே கீச் கீச் என்று ஒரே சத்தம். எழுமலையிலிருந்து உசிலம்பட்டி வந்து, மதுரை வந்து, மூன்று பஸ் மாறி ஒத்தக்கடை வந்திருந்தார். சில முட்டை வீணாகிவிட்டது, மற்றதெல்லாம் பொரித்துவிட்டது என்று சாரிடம் சொன்னார். பெட்டியைத் திறந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். யாழினி எட்டிப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்புறம் பேச்சியம்மா சுற்றும் முற்றும் பார்த்து, "அன்னைக்கு என்கிட்ட போன்ல கத்துன அம்மா எங்க? அந்தம்மாவத்தேன் பாக்க வந்தேன்" என்றார். நான் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கண்ணன் அண்ணன் என்னைக் கையைக் காட்டினார். அந்த அம்மா நம்பவில்லை. எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாருமில்லை என்று தெரிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தி! அந்தச் சத்தத்துக்கு நான் ஆள் எம்புட்டுப் பெருசா இருக்கும்னு நெனச்சுப் பயந்துக்கிட்டே வந்தேன்!"

பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடின சார், இப்போது போன் வந்தால் உள்ளேயிருந்தே "மெதுவாம்மா, மெதுவா" என்கிறார். சூட்டைச் சொன்ன அளவில் நிற்க வைக்க எத்தனையோ சாமான் வந்துவிட்டது, என் சத்தத்துக்குத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.